வேலிக்குள் ஓடும் வேகம்



சிங்கப்பூருக்குப் போய் வந்த நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிராங்கூன் சாலை நகைக்கடை, முஸ்தபா, வீரமாகாளியம்மன் கோயில், கோமள விலாஸ் தோசை என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். காடிப் பந்தயம் பார்த்தேன் என்று சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "அது துரைமார் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்பார்கள். தொடங்கியவர்கள் துரைமார்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன் ஒருவன் இருக்கிறானா? சனிக்கிழமை இரவு அவன் வீடு வந்து சேரும் வரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாளா? அப்படியானால் இந்த விளையாட்டில் நமக்கும் பார்க்கவேண்டிய விஷயம் இருக்கிறது. வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.

தேக்காவிலிருந்தே புறப்படலாம். சந்தையில் பசியாறிவிட்டுப் பின்பக்கமாக நடந்தால், மீன்தலைக் கறிக் கடைகள் வரிசையாக நிற்கும் ரேஸ் கோர்ஸ் சாலை வரும். பெயரைக் கவனித்தீர்களா? அங்கே ஓடியது குதிரை. 1842-இல் வெள்ளைக்காரர்கள் ஒரு விளையாட்டுச் சங்கம் அமைத்து, மறு ஆண்டே இந்தப் பக்கத்தில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். 1933-இல் திடல் புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி, சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிந்தது. சாலைக்கு மட்டும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் இந்தத் திடலிலிருந்துதான், 1911 மார்ச்சில். ஆக, நம்மவர்கள் மளிகை வாங்கும் இந்த வட்டாரத்துக்கு வேகம் புதிதல்ல.

இனி காடிக்கு வருவோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, ஸ்டீவன்ஸில் மாறி, ஸ்பிரிங்லீஃப் நிலையத்தில் இறங்குங்கள். அந்தப் பக்கத்தில் கிடைக்கும் ரொட்டி பராட்டாவும் நம் ரொட்டி சானாயும் ஒன்றுதான். பாலத்தைத் தாண்டியதும் பெயர் மாறிக்கொள்கிறது, அவ்வளவே. பக்கத்தில் இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று எந்நேரமும் வாகனம் பறக்கும் அப்பர் தாம்சன் சாலை. மற்றது காட்டோரமாக வளைந்து வளைந்து போகும் பழைய அப்பர் தாம்சன் சாலை. இரண்டையும் சேர்த்து வட்டமாக்கி, ஏறத்தாழ 3 மைல் தூரத்துக்கு, 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் தன் பெரிய காடிப் பந்தயத்தை நடத்தியது.

பந்தயத்துக்கென்று போட்ட தடம் அல்ல அது. மற்ற நாட்களில் பஸ் ஓடும், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் சாலை. பந்தய நாளில் அடைத்துவிடுவார்கள். நேர்ச்சாலைக்குத் 'தாம்சன் மைல்' என்று பெயர். வழியில் ஒரு மேடு உண்டு, அங்கே காடியின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். காட்டுப் பக்கத்து வளைவுகளில் ஒன்றுக்குப் 'பிசாசு வளைவு', அடுத்தடுத்த சில வளைவுகளுக்குப் 'பாம்புகள்'. பெயர் வைத்தவருக்கு இடத்தின் குணம் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் ஆழமான மழைக்கால்வாய், விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், மரம். இவற்றுக்கு நடுவே மணிக்கு நூறு மைலுக்கு மேல் காடிகள் பாய்ந்தன. மக்கள் ஓரமாக நின்றே பார்த்தார்கள்.

1961 செப்டம்பரில், சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்காகச் சிங்கப்பூர் நடத்திய கொண்டாட்டங்களில் ஒன்றாக முதல் பந்தயம் நடந்தது. ஆஸ்டன் மார்ட்டின் காடியில் வந்த இயன் பார்ன்வெல் வென்றார். அடுத்த ஆண்டு முதல் 1965 வரை 'மலேசியன் கிராண்ட் பிரி' என்ற பெயரில் ஓடியது. இரு நாடும் பிரிந்தபின் 1966-இல் 'சிங்கப்பூர் கிராண்ட் பிரி' ஆயிற்று. அந்த ஆண்டு லீ ஹான் செங், அடுத்த ஆண்டு ரோட்னி சியாவ் என்று உள்ளூர்க்காரர்களே வென்றார்கள். ஊர் எப்படிக் குதித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் வெளிநாட்டார் கை ஓங்கிவிட்டது. நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் 1969, 1970, 1971 என மூன்று ஆண்டு தொடர்ந்து வாகை சூடினார். மழையும் சும்மா இருக்கவில்லை. 1964-இல் கொட்டிய கொட்டில் பந்தயத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவு சிறப்பாக நடந்ததை ஏன் விட்டார்கள்? அந்த ஆண்டுகளில் அந்தத் தடம் 7 உயிர்களைக் குடித்தது. 1972-இல் ஓர் ஓட்டுநர், 1973-இல் இன்னொருவர் என்று அடுத்தடுத்து மாண்டார்கள். சாலை அடைப்பால் ஊருக்குத் தொல்லை என்ற முணுமுணுப்பும் இருந்தது. பந்தயம் பார்த்த இளைஞர்கள் வீடு திரும்பும் சாலையில் தாங்களும் பந்தயக்காரர் ஆகிவிடுகிறார்கள் என்ற கவலை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. எண்ணெய் நெருக்கடி வேறு வந்து சேர்ந்தது. 1974-ஆம் ஆண்டுப் பந்தயம் நடக்கவில்லை. அதற்கப்புறம் 34 ஆண்டுகள் சிங்கப்பூரில் கிராண்ட் பிரி என்ற பேச்சே இல்லை. சிலருக்கு அது மிகையான கண்டிப்பாகப் படலாம். எனக்குப் படவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் ரெம்பிட் கூட்டத்துக்குப் பலியான பிள்ளைகளின் வீடுகளில் போய்க் கேட்டால் அவர்களுக்கும் படாது.

இன்று அந்தப் பழைய சாலை ஒற்றைத் தடமாகக் குறுக்கப்பட்டிருக்கிறது. அருகே 2019-இல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறந்தார்கள். முன்பு அங்கே ஹைனான் சீனர்களின் கம்பம் இருந்தது. வீட்டுச் சுவர்களின் மிச்சம் இன்னும் கிடக்கிறது, அவர்கள் நட்ட ரம்புத்தான் மரங்களும் நிற்கின்றன. அழிந்து வரும் ஒருவகைக் குரங்கு சாலையைத் தாண்டுவதற்காக மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக ஏற்ற இடம். நிழலில் நடந்துகொண்டே, இந்த வளைவில்தான் காடி சறுக்கியது என்று கதை சொல்லலாம். கட்டணம் ஏதுமில்லை.

சாலையோரம் நின்று பந்தயம் பார்ப்பது சிங்கப்பூரோடு முடிந்த பழக்கம் அன்று. இலங்கையில் நம் சொந்தங்கள் வாழும் மலையகத்தில், நுவரெலியாவுக்குப் பக்கத்து மகாகஸ்தோட்டையில் தேயிலைக்கு நடுவே செல்லும் சாலையில் 1934-இல் தொடங்கிய மலையேற்றக் காடிப் பந்தயம் பெயர் பெற்றது. அதே மலைநாட்டில் தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21-ஆம் தேதி நடந்த பந்தயத்தில் ஒரு காடி தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. புத்தாண்டு விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாக வந்த கூட்டம் அது. காடிக்கும் மனிதனுக்கும் இடையே என்ன நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது மரினா பே. 2008 செப்டம்பர் 28-ஆம் தேதி, பார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம் இங்கேதான் நடந்தது. இதுவும் ஊர்ச்சாலைதான். பாடாங் திடலோரம், ஆண்டர்சன் பாலம், எஸ்பிளனேட் என்று நீங்கள் சாதாரண நாளில் குடை பிடித்து நடக்கும் அதே சாலைகள். சுற்றுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், இப்போது 62 சுற்று. ஆனால் தாம்சன் சாலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பந்தயத்துக்குச் சில மாதம் முன்பே கான்கிரீட் கட்டைகளை அடுக்கத் தொடங்குகிறார்கள். அவற்றின்மேல் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட இரும்புவலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள், தடத்தில் நிழல் விழாதபடி கோணம் பார்த்துக் கட்டியவை. தூரத்திலிருந்து பார்த்தால் கடலோரத்தில் யாரோ வெள்ளி அரைஞாண் கட்டிவிட்டது போலிருக்கும்.

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காடியைப் பார்க்கவே முடியாது! "உர்ர்" என்று ஒரு சத்தம், ஒரு நிறம், அவ்வளவுதான், அடுத்த வளைவுக்குப் போய்விடும். முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். யார் முன்னே, யார் பின்னே என்பது பெரிய திரையில்தான் தெரியும். ஆகவே காடியை விட்டுவிட்டு வேலியோரம் நிற்பவர்களைப் பாருங்கள். தீப்படாத உடை போட்டுக் கொடியோடு நிற்கிறார்களே, அவர்கள்தான் மார்ஷல்கள். பெரும்பாலும் தொண்டூழியர்கள். மஞ்சள் கொடி ஆடினால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. நீலம் ஆடினால் உன்னைவிட வேகமானவன் வருகிறான், வழி விடு. சிவப்பு வந்தால் எல்லாரும் நிறுத்த வேண்டும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஓட்டுநர்கள் ஒரு துண்டுத் துணிக்கு அடங்குகிறார்கள். சிங்கப்பூர்ப் பந்தயத்தில் யாராவது மோதி, பாதுகாப்புக் காடி வந்து எல்லாரையும் மெதுவாக நடத்திச் செல்லும் காட்சி 2008 முதல் 2023 வரை ஒவ்வொரு பந்தயத்திலும் நடந்தது. 2024-இல்தான் முதன்முறையாக அது தேவைப்படவில்லை. (கொரோனாவால் 2020-லும் 2021-லும் பந்தயமே இல்லை.)

முதல் பந்தயத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதில் பெர்னாண்டோ அலோன்சோ வென்றார். அவருக்கு வழி ஏற்படுத்துவதற்காக, அதே அணியின் இன்னொரு ஓட்டுநரை வேண்டுமென்றே சுவரில் மோதச் சொன்னார்கள் என்பது மறு ஆண்டு அம்பலமாயிற்று. குதிரைப் பந்தயக்காரர்கள்கூட இப்படி யோசித்ததில்லை!

நம் கோயம்புத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் நினைவிருக்கிறதா? 2005-இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2012-இல் இந்த மரினா பே தடத்தில், பார்வையாளர் மேடைக்குக் கீழே போகும் வளைவில் சுவரில் மோதினார். காடிதான் வீணாயிற்று, அவருக்குக் காயமில்லை. தாம்சன் சாலையில் அந்த வேகத்தில் ஒரு கம்பத்தில் மோதியிருந்தால் கதை வேறு. ஓட்டுநரைச் சுற்றிக் கரியிழைக் கூடு, தோளையும் இடுப்பையும் இறுக்கும் பட்டை, 2018 முதல் தலைக்கு மேலே ஒரு வளையம். 2017-இல் மழையில் புறப்பட்டபோது முன்வரிசைக் காடிகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறின. எல்லாரும் நடந்தே வெளியேறினார்கள். காப்பு இவ்வளவு இருந்தும் 2015-இல் ஒரு ரசிகர் வேலி இடுக்கு வழியாகத் தடத்தில் இறங்கிக் காடிகளுக்கு முன்னே உலாத்தினார். அவருக்கு ஆறு வாரச் சிறை. குறைவு என்பேன்.

சரி, சிங்கப்பூரில் காடி வைத்திருப்பவர்களுக்குத் தாங்களே வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசை வராதா? வராமல் இருக்குமா! காடி வாங்கும் உரிமைச் சீட்டுக்கே அங்கே ஏலம். 1990-இல் தொடங்கியது, பத்தாண்டுதான் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய காடிக்கான சீட்டு 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. காடியின் விலை தனி! இத்தனை கொடுத்து வாங்கியதை விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டருக்குள் ஓட்ட வேண்டும். நிரந்தரப் பந்தயத் தடமும் அந்நாட்டில் இல்லை. சாங்கியில் கட்டப்போவதாக எழுந்த திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே அங்குள்ள காடிச் சங்கத்தார் பாலத்தைக் கடந்து நம் நாட்டுக்கு வருகிறார்கள். எண்ணெய்த் தொட்டி முக்கால் நிறைந்திருந்தால்தான் அவர்கள் அரசாங்கம் வெளியே விடும் என்பது வேறு வேடிக்கை. 1986-இல் திறந்த பாசிர் கூடாங் தடம் பல காலம் அவர்களுக்கு அடுத்த வீடு. 1999-இல் சிப்பாங் வந்தபின் அங்கேயும் போகிறார்கள். சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர், சுற்றுவட்டாரமெல்லாம் நமக்குப் பழகிய செம்பனை.

இந்தச் சங்கத்தார் நடத்துவது பந்தயமன்று. பரிசு, முதலிடம் எதுவும் கிடையாது. அவரவர் காடியை அவரவர் திறமைக்கு ஓட்டிப் பழகும் நாள். ஒருநாள் போய்ப் பார்த்தால் நம் தோட்டம் நினைவுக்கு வரும். காலையில் பெரட்டு மாதிரி எல்லாரையும் கூட்டி நிறுத்தி, மண்டோர் போல ஒருவர் விதிகளைச் சொல்வார். அந்தக் கூட்டத்துக்கு வராதவருக்குத் தடத்தில் இடமில்லை, எவ்வளவு பெரிய காடியாக இருந்தாலும் சரி. தலைக்கவசம், மூடிய காலணி, பெரும்பாலும் முழுக்கைச் சட்டை. காடிக்குள் தண்ணீர்ப் புட்டி, சில்லறைக் காசு, தரைப் பாய் என்று எதுவும் உருளக்கூடாது. ஒரு புட்டி பிரேக் மிதிக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டால் போதும், வேறு வினை வேண்டாம். சக்கர ஆணிகளை இறுக்கிப் பார்க்கிறார்கள், பிரேக் எண்ணெயைப் பார்க்கிறார்கள். புதியவர், பழையவர் என்று பிரித்து, சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக விடுகிறார்கள். வளைவில் முந்தக்கூடாது. நேர்ச்சாலையில், அதுவும் முன்னே போகிறவர் சைகை காட்டிய பக்கமாகத்தான் முந்தலாம்.

முதல்முறை ஓட்டுபவர்களில் பலர் பக்கத்தில் பயிற்றுநரை வைத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்லும் முதல் பாடம் பெரும்பாலும் பிரேக்தான். நேராக இருக்கும்போதே பிரேக் பிடி, வளைவுக்குள் நுழைந்தபின் பிடிக்காதே. கண் போகிற இடத்துக்குத்தான் காடி போகும், ஆகவே சுவரைப் பார்க்காதே. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடு. வந்து நிறுத்தியதும் கைப்பிரேக் இழுக்காதே, கொதிக்கும் இரும்பு ஒட்டிக்கொள்ளும், கியரில் போட்டு நிறுத்து. நகரச் சாலையில் சீறிப் பாய்ந்த பையன், இங்கே தன் காடி நிற்பதற்கு உண்மையில் எத்தனை கஜம் வேண்டும் என்று கண்ணால் கண்டபின் வாயடைத்துப் போகிறான். சத்தம் போட்டுத் திட்டும் அப்பனால் சொல்லித்தர முடியாத பாடம் அது. எல்லாரும் திருந்திவிடுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் திரும்பும் வழியில் நெடுஞ்சாலையிலேயே மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மறுபடி பாலத்தைக் கடந்து தேக்காவுக்கே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையாகப் பார்த்து. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கட்டுமான வேலைக்கு வந்த தொழிலாளர்களால் ரேஸ் கோர்ஸ் சாலையும் சுற்றுத் தெருக்களும் நிரம்பி வழியும். வீட்டுக்குப் பணம் அனுப்புவார்கள், காய்கறி வாங்குவார்கள், புல்தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். சிங்கப்பூரின் எந்தக் கட்டடத்துக்கும் இவர்கள் கை உண்டு. பந்தயத்துக்குக் கட்டை அடுக்கி, மேடை எழுப்பி, முடிந்ததும் பிரித்தெடுக்கும் வேலையிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கை உண்டு. வார நாட்களில் விடியற்காலையில் இவர்களில் பலர் வேலைக்குப் போவது லோரியின் பின்பக்கத்தில், கம்பித் தடுப்புக்கும் கூரைக்கும் நடுவே, இடுப்புப் பட்டை இல்லாமல். தடுப்பும் கூரையும்கூடப் பல விபத்துக்குப்பின் 2010-ஐ ஒட்டி வந்தவைதாம். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் தொழிலாளர் ஏறிய லோரி ஒன்று நின்றிருந்த வண்டியில் மோதி இருவர் இறந்தார்கள், இன்னும் பலர் காயப்பட்டார்கள். லோரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே பலமுறை பேசிவிட்டார்கள். பஸ் போதாது, ஓட்டுநர் போதாது, சிறு முதலாளிக்குச் செலவு தாங்காது என்று பதில் வருகிறது.

லோரிப் பின்புறம் நமக்கும் தெரியாததல்ல. தோட்டத்திலிருந்து பள்ளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் அதில் நின்றுகொண்டே போனவர்கள்தாம் நம்மில் பலர். 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்குக் கூடும் பட்டையும் வளையமும் கொடுத்த அதே ஊர், 60 கிலோமீட்டரில் போகிறவனுக்கு ஒரு பட்டை கொடுக்கக் கணக்குப் பார்க்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு: சிங்கப்பூர்ப் பந்தயம் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஒத்திகைதான், ஆனால் அதே காடிகள், அதே விளக்குகள், சீட்டும் மலிவு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே உசிதம். சிறு பிள்ளைகளுக்குக் காது அடைப்பான் கட்டாயம். நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நடை அதிகம். சீட்டு வாங்க வசதி இல்லையென்றால் வேறு மாதத்தில் போங்கள். புரொமனேட் நிலையத்தில் இறங்கி, ராட்சத ராட்டினத்துக்குப் பக்கத்தில் காடிகள் சக்கரம் மாற்றும் கட்டடத்திலிருந்து பாடாங் வரை தடத்தின் ஒரு பகுதியைக் காலாற நடந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணி வாக்கில் முடியும். குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து லார்க்கினுக்குப் போகும் 170-ஆம் எண் பஸ்ஸில் அன்றிரவு நிற்கவும் இடமிருக்காது. மறுநாள் காலை வேலை இருப்பவர்கள் கடைசிச் சில சுற்றுகளைத் தியாகம் செய்துவிட்டு முன்கூட்டியே புறப்படுங்கள். கடப்பிதழைச் சட்டைப்பையில் வையுங்கள், பையின் அடியில் வேண்டாம்.